கூட்டுப் பண்ணையம்: வேலைக்கு எல்லாரும் உண்டு, பால் காசு யார் கைக்கு?

கோபி மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது கோபி பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனம், ஆறரை ஏக்கர். ரெண்டு ஏக்கர் மஞ்சள், ஒரு ஏக்கரும் சில்லறையும் கதலி வாழை, கிணற்று மேட்டில் தென்னை, மாட்டுக்கு கோ-4 புல்லும் சோளத்தட்டும். மீதியில் வாய்க்கால் முறையைப் பார்த்து ஒரு வருஷம் நெல், ஒரு வருஷம் கடலை. கறவை நாலு, சினைக் கிடாரி ஒன்று, கன்றுகள், பத்துப் பன்னிரண்டு ஆடு. வீட்டில் எட்டுப் பேர்: அப்பாரு (வீட்டுக்காரரின் தாத்தா, 84 வயது), ஆத்தா (அவர் மனைவி), மாமா, அத்தை, நான், வீட்டுக்காரர், ரெண்டு பிள்ளைகள். கொழுந்தனார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளைகளுக்குக் கிணற்றைக் காட்டிவிட்டு, காரில் ஒரு தார் வாழையும் முப்பது தேங்காயும் ஏற்றிக்கொண்டு போவார். அதில் எனக்கு வருத்தம் இல்லை, சும்மா சொல்கிறேன்.

என் ஒரு நாள் இப்படி. நாலு மணிக்கு எழுந்தால் கட்டுத்தரையில் சாணி வழிப்பது, மாட்டைக் கழுவுவது, அத்தை ரெண்டு மாடு கறப்பார், நான் ரெண்டு. ஆறேகாலுக்குப் பால் சொசைட்டியில் இருக்க வேண்டும், ஏழு மணிக்கு மேல் வண்டி கிளம்பிவிடும். வந்து பிள்ளைகளைக் கிளப்பி ஏழேமுக்காலுக்கு வேன் ஏற்றிவிட்டு, அப்பாருக்குச் சர்க்கரை மாத்திரை, இட்லி. அப்புறம் களையெடுப்பு நடக்கிற நாளாக இருந்தால் ஆட்களோடு காட்டில், இல்லையென்றால் புல் அறுத்து மிஷினில் நறுக்குவது. பதினொரு மணிக்கு ஆட்களுக்கு டீயும் போண்டாவும். மூன்று மணிக்கு மறுபடி கறவை. இப்போது தை மாசம், மஞ்சள் வெட்டு ஆரம்பித்துவிட்டது. தாள் அறுத்து, கிழங்கு தோண்டி, ஆய்ந்து, வேக வைத்து, களத்தில் காயப் போட்டுப் பத்துப் பதினைந்து நாள் கிளறிக்கொண்டே இருக்கணும். போன வாரம் பாய்லர்காரர் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தார், ரெண்டு மணி வரைக்கும் வேக வைத்தோம், நாலு மணிக்கு மாடு கத்துகிறது.

வேலை கஷ்டம் என்று சொல்ல வரவில்லை. நான் கரூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ரெண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவள், நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு வலித்ததைவிட இது தேவலை. என் பிரச்சினை, கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் எனக்கென்று ஒரு ரூபாய் வரவு கிடையாது. பால் காசு பத்து நாளைக்கு ஒருதரம் வரும், அது அத்தையிடம் போகும். மஞ்சள், வாழைக் காசு மாமாவிடம். பிள்ளைக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்க வேண்டுமென்றால் நான் வீட்டுக்காரரிடம் கேட்கணும், அவர் மாமாவிடம் கேட்பார். அவருக்கே 36 வயது ஆகிறது. போன வருஷம் வாழைக்குச் சொட்டுநீர் போடலாம் என்று அவர் சொன்னபோது, பட்டா அப்பாரு பேரில் இருக்கிறது, அவர் இருக்கும்வரை அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று மாமா முடித்துவிட்டார்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. அத்தை என்னைவிட ஒரு மணி நேரம் அதிகமாகத்தான் வேலை செய்வார். அப்பாருவைச் சொன்னால் சிரிப்பீர்கள், போனிலேயே மோட்டார் போடுகிற ஸ்டார்ட்டர் வாங்கி வைத்திருக்கிறோம், அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை, ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போய்த் தண்ணி விழுகிற சத்தத்தைக் காதில் கேட்டுவிட்டுத்தான் படுப்பார்.

உங்கள் வீடுகளில் இதை எப்படி வைத்திருக்கிறீர்கள்? சண்டை இல்லாமல் இந்தப் பேச்சை எப்படி ஆரம்பிப்பது?

கட்டுத்தரை எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் அந்தியூர் பக்கம், எங்கள் வீட்டிலும் மூன்று தலைமுறை ஒரே கூரைக்குள். உங்கள் கேள்வியில் நாலு கேள்வி கலந்து கிடக்கிறது: பால் காசு, வெள்ளாமைக் காசு, முடிவு எடுப்பது, பட்டா. நாலையும் ஒரே நாளில் எடுத்து வைத்தால் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். பாலில் ஆரம்பியுங்கள். பால்தான் தினமும் எழுதி வருகிற கணக்கு, யாரும் மறுக்க முடியாது.

ஒரு நோட்டுப் போடுங்கள். ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவர் என்கிறீர்கள், உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பக்கம் லிட்டர், கொழுப்பு, அன்றைய விலை. இன்னொரு பக்கம் தீவனம், புண்ணாக்கு, சினை ஊசி, டாக்டர். ஆவின் கொள்முதல் விலை 2022 நவம்பரில் பசும்பாலுக்கு 35 ரூபாய் ஆனது, 2023 டிசம்பரில் அதற்குமேல் 3 ரூபாய் ஊக்கத்தொகை. ஆனால் கையில் கிடைப்பது உங்கள் பாலின் கொழுப்பையும் மற்ற சத்தையும் பொறுத்தது, கலப்பு மாட்டுப் பாலுக்கு அந்த முழு விலை தினமும் வராது. கறவை மாட்டுக்கு, தன் உடம்புக்கு ஒன்றரை கிலோ போக, ரெண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ என்று அடர்தீவனம் வைத்தால் வருகிற காசில் பாதி தீவனக் கடைக்கே போய்விடும். அதனால் "பால் காசு" என்று நீங்கள் நினைக்கிற தொகை, நிஜத்தில் அதில் பாதிதான். இது முதலில் உங்களுக்குத் தெரியணும், அப்புறம்தான் பேச்சு.

மூன்றாவதாக ஒரு பத்தி போடுங்கள், யார் எத்தனை மணி நேரம் என்று. பத்து நாள் போதும். எங்கள் பக்கம் பெண்ணாளுக்கு 400, ஆணாளுக்கு 700 ஓடுகிறது, அதுவும் ஆள் கிடைத்தால். அந்தக் கூலியைப் போட்டுப் பெருக்கிப் பார்த்தால் மாடு லாபமா நட்டமா என்று தெரியும். எங்கள் வீட்டில் இதைச் செய்தபோது, என் சம்சாரமும் அம்மாவும் கூலி வாங்கினால் மாட்டையே விற்றுவிட வேண்டியதுதான் என்று கணக்குச் சொன்னது. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

நாங்கள் செய்தது இது. அஞ்சு மாட்டில் ரெண்டை சம்சாரம் பேருக்கு விட்டோம். பேருக்கு என்றால் நிஜமாகவே பேருக்கு, சொசைட்டியில் அவள் தனி உறுப்பினர், தனிப் புத்தகம், அவள் பேங்க் கணக்கில் விழும். தீவனமும் அவளே வாங்கணும். புல் மட்டும் பொது.

வாடகை வீடு எழுதியது:

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது. ஈரோட்டில் வீடு பார்த்துத் தனியாகப் போங்கள். உங்கள் படிப்புக்கு 15 ஆயிரம் சம்பளம் நிச்சயம் கிடைக்கும். ஒன்பது வருஷம் சம்பளம் இல்லாத வேலை, இதற்குப் பேர் குடும்பம் இல்லை.

கட்டுத்தரை எழுதியது:

தம்பி, நாலு கறவையையும் 84 வயசுப் பெரியவரையும் யார் ஈரோட்டுக்குக் கூட்டிப்போவது? சொல்வது சுலபம். தனியாகப் போவதென்றாலும் எங்கள் பக்கம் வழக்கம், ஒரே தோட்டத்தில் சாளையை (தோட்டத்து வீட்டை) ஒட்டி ஒரு அடுப்பு கூடுதலாகப் போடுவது. ரெண்டு அடுப்பு, ஒரு கட்டுத்தரை. சமையலறைச் சண்டை அதோடு தீரும், காசுச் சண்டை தீராது.

மன்னார்குடி அக்கா எழுதியது:

உன் கேள்வியைப் படித்ததும் பதினைந்து வருஷத்துக்கு முந்தின என்னைப் பார்த்த மாதிரி இருந்தது, அதனால் ஒருமையில் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

எங்களுடையது டெல்டா. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை, திறக்காவிட்டால் சம்பா மட்டும். உங்களுக்குப் பத்து நாளைக்கு ஒருதரம் பால் காசாவது வருகிறது, எங்களுக்கு நெல்லை அளந்து போட்டால்தான் காசு, வருஷத்துக்கு ஒரு தடவை அல்லது ரெண்டு தடவை. அந்தக் காசு மாமியார் கைக்குப் போகும், பீரோவில் வைத்துச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வார். நான் ராத்திரி படுத்துக்கொண்டு அந்தப் பீரோவில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

அவர் 2019 ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பீரோவைத் திறந்தால் உள்ளே பணம் எதுவும் இல்லை. கூட்டுறவு சங்கத்து நகைக்கடன் ரசீது மூன்று, தனியார் கடையில் வைத்த ரசீது ஒன்று. அவருடைய காசுமாலை, என் நாத்தனார் கல்யாணத்துக்குச் செய்து திரும்ப வாங்கிய வளையல், எல்லாம் அடமானத்தில். நடவுக்கு வைப்பார், அறுப்புக்கு மீட்பார், மறுபடி உரத்துக்கு வைப்பார். வீட்டில் ஆம்பளைகளுக்கு முழுசாகத் தெரியாது. "எங்கிருந்தோ அம்மா புரட்டிருவாங்க" என்பதோடு சரி. 2021-ல் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி வந்தபோது, சங்கத்தில் வாங்கியிருந்த பயிர்க்கடன் போனது. தனியார் கடையில் இருந்ததை நான் நாலு வருஷமாக வட்டி கட்டி மீட்டேன்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், சாவி கைக்கு வரும்போது கடனும் சேர்ந்துதான் வரும். அத்தை கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னாடி எவ்வளவு கடன் இருக்கிறது என்று கேள். அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆளாக நீயாகத்தான் இருப்பாய். அவர்களுக்கும் யாரிடமாவது சொல்லணும் என்றுதான் இருக்கும்.

அந்தப் பேச்சை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதே. பால் கறக்கும்போது கேள். மாட்டு மடியைப் பார்த்துக்கொண்டு பேசினால் முகம் பார்க்க வேண்டாம், ரெண்டு பேருக்கும் சுலபம்.

தோப்புக்காரர் எழுதியது:

நான் மாமனார் ரகம், அதனால் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன். வயது 64, பொள்ளாச்சி ஆனைமலை ரோட்டில் தென்னந்தோப்பு.

என் அய்யன் எனக்குப் பண்ணையத்தை விட்டுக்கொடுத்தபோது எனக்கு 47 வயது. அதுவரை உரக்கடைக்குப் போனால் "அய்யனைக் கேட்டுச் சொல்றேனுங்க" என்றுதான் நான் சொல்லணும். அப்படி இருந்தவன் என் மகனுக்கு 30 வயதில் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறீர்களா, இல்லை, நானும் அதையேதான் செய்தேன். காரணம் அதிகாரம் மட்டும் இல்லை. பயம். மஞ்சள் விலையே பாருங்கள், 2010-ல் குவிண்டால் 15 ஆயிரத்துக்கு மேலே போனது, அதைப் பார்த்து எல்லாரும் மஞ்சளாகப் போட்டார்கள், ரெண்டே வருஷத்தில் 4 ஆயிரம் பக்கம் வந்துவிட்டது. அந்த வருஷம் மஞ்சளை மூட்டையாக அடுக்கி வைத்துக்கொண்டு செல்லுப் பூச்சிக்கு மருந்து வைத்தே ஓய்ந்துபோன ஆட்களை உங்கள் ஊரிலேயே உங்கள் மாமா பார்த்திருப்பார். எங்களுக்கு 2016-க்கு அப்புறம் சுருள் வெள்ளை ஈ, ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி ஆகிவிட்டது, அது போதாதென்று வாடல் நோய். முப்பது வருஷ மரத்தைத் தறித்துக் கீழே தள்ளினால் மனசு எப்படி இருக்கும். இதையெல்லாம் பார்த்த ஆளுக்குப் புதுசாக எதைச் சொன்னாலும் முதலில் வாயில் வருவது "வேண்டாம்"தான்.

என் மகன் தென்னைக்கு நடுவில் ஜாதிக்காய் வைக்கலாம் என்றான். ஏழெட்டு வருஷம் காத்திருக்க வேண்டிய மரம். ரெண்டு வருஷம் வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லை. நான் சாப்பிட்டு எழுந்த பிறகு அவன் வந்து உட்காருவான். கடைசியில் என் சம்சாரம்தான், "ஒன்றரை ஏக்கரைக் குடுத்துட்டு அந்தப் பக்கம் போகாம இருங்க" என்றாள். கொடுத்தேன். தண்ணி, உரம், ஆள் கூலி, காய் விற்ற காசு எல்லாம் அவன் பாடு. அந்தப் பக்கம் போகாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, நிஜமாகவே. முதல் வருஷம் அவன் தண்ணி அதிகமாக விட்டு இருபது கன்று அழுகிப் போனது, பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இப்போது அஞ்சு வருஷம் ஆகிறது, ஜாதி இன்னும் காய்க்கவில்லை. ஆனால் முன்பு ஏழு மணிக்கு எழுந்துகொண்டிருந்தவன் அஞ்சு மணிக்கு அந்த ஒன்றரை ஏக்கரில் நிற்கிறான்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் அப்படி ஒரு துண்டு கேட்கச் சொல்லுங்கள். ஆறரையில் பாதி வேண்டாம், வாழை இருக்கிற ஒரு ஏக்கர். லாபத்தில் பங்கு என்று கேட்கக்கூடாது, "நட்டம் வந்தா என்னோடது" என்று கேட்கணும். என்னிடம் அந்த வார்த்தைதான் வேலை செய்தது.

ஓய்வுபெற்ற விஏஓ எழுதியது:

மற்றவர்கள் மனசைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் பட்டாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 31 வருஷம் கிராமக் கணக்கு பார்த்தவன்.

"பெரியவர் இருக்கும்வரை பேசக்கூடாது" என்பதைப் போல ஒரு குடும்பத்துக்குச் செலவு வைக்கிற வார்த்தை வேறு இல்லை. அவர் சொந்தமாக வாங்கிய நிலம் என்றால் அவர் இருக்கும்போது ஒரே ஒரு கையெழுத்து, போனபிறகு வாரிசுச் சான்றிதழில் இருக்கிற அத்தனை பேர் கையெழுத்து. அதில் ஒருவர் அமெரிக்காவில் இருப்பார், ஒருவர் கோபத்தில் இருப்பார்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நிலம் அப்பாரு சொந்தமாக வாங்கியதா, அவருக்கு முன்னோர் வழியில் வந்ததா? சொந்தமாக வாங்கியது என்றால் அவர் விருப்பப்படி யாருக்கு வேண்டுமானாலும் செட்டில்மெண்ட் எழுதலாம், உயில் எழுதலாம். பூர்வீகம் என்றால் அப்படி முடியாது, பெண் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் திருத்தினார்கள், ஆனால் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்னாடி கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தாது. 2005-ல் மத்திய சட்டத் திருத்தம் வந்து அந்த வித்தியாசம் போனது. 2020-ல் உச்ச நீதிமன்றம், 2005 திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடியே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதைக் கிளறமாட்டார்கள். ஆக, உங்கள் மாமாவுக்கு அக்கா தங்கை இருந்தால் அவர்களை வைத்துக்கொண்டுதான் பேசணும். அவர்களுக்குத் தெரியாமல் எழுதிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளைத் திண்ணையிலேயே உட்கார வைத்து அனுப்பிவிடுங்கள்.

இதில் ஒரு சின்ன லாபமும் இருக்கிறது. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிக்கு முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். புன்செய் என்றால் 5 ஏக்கருக்குள் இருந்தால்தான் சிறு விவசாயி சான்று கிடைக்கும், நன்செய்யாகப் பதிவாகியிருந்தால் அளவு இன்னும் குறைவு. ஆறரை ஏக்கரும் ஒரே பேரில் இருந்தால் நீங்கள் பெரிய விவசாயி! பங்கு பிரிந்து தனித்தனிப் பட்டாவானால் ஒவ்வொருவரும் சிறு விவசாயி. நிலம் அதே நிலம்தான்.

பிரித்துப் பட்டா வாங்கினாலும் சேர்ந்து விவசாயம் பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. என் சொந்த ஊரில் அண்ணன் தம்பி மூன்று பேர், உட்பிரிவு ஆகி இருபது வருஷம், இன்றைக்கும் ஒரே டிராக்டர்.

கோபி மருமகள் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கணும். மஞ்சள் வெட்டு முடிகிறவரை போனைத் தொட நேரம் இல்லை.

மன்னார்குடி அக்கா சொன்ன மாதிரிதான் ஆரம்பித்தேன், பால் கறக்கும்போது. "அத்தை, நமக்குக் கடன் எவ்வளவு இருக்குது?" என்று கேட்டேன். கறந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது, மாடு திரும்பிப் பார்த்தது. அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பால் காசு அத்தையிடம் போகிறது என்று ஒன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. சொசைட்டி உறுப்பினர் இன்னமும் அப்பாருதான். அவர் கணக்கில்தான் விழுகிறது, மாமா சீட்டில் அவர் கையெழுத்தை வாங்கிப்போய் எடுத்து வந்து, தீவனக் கடைக்குக் கட்டிவிட்டு, அத்தை கையில் மூவாயிரம் கொடுப்பார். அதில்தான் மளிகை, அப்பாரு ஆத்தா மாத்திரை, வேன் காசு, மொய். அத்தை இந்த வீட்டுக்கு வந்து 38 வருஷம் ஆகிறது, அவர் பேரில் பேங்க் கணக்கே கிடையாது. "எனக்கே இல்லாததை உனக்கு எங்கிருந்து சாமி எடுத்துக் குடுப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார், அதுதான் இன்னும் என்னவோ போல இருந்தது.

கட்டுத்தரை அண்ணன் சொன்ன நோட்டும் போட்டேன். நாலு மாடு, ஒரு நாளைக்குச் சராசரி 38 லிட்டர், பத்து நாளைக்கு 13 ஆயிரத்துக்கு ஒட்டி வருகிறது. தீவனம், புண்ணாக்கு 6,500. மணிக்கணக்கு எழுதினதில் ஒரு நாளைக்கு அத்தை அஞ்சரை மணி நேரம், நான் நாலே முக்கால், வீட்டுக்காரர் புல் அறுக்க ஒன்றேகால், மாமா அரை மணி. வீட்டுக்காரர் முதலில் சிரித்தார், "அப்பன் அரை மணி கூட இல்ல" என்றார். அப்புறம் தன்னுடையதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்.

நோட்டை மாமாவிடம் நான் காட்டவில்லை, அத்தை காட்டினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம், திண்ணையில், அப்பாருவும் இருக்கும்போது. நான் உள்ளே பாத்திரம் கழுவுகிற சாக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன். மாமா ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார், அப்படியே நடந்தது அண்ணா! மூன்றாம் நாள் அப்பாரு கேட்டது ஒரே கேள்வி, "அட்டைய மாத்திக் குடுத்தா எனக்குக் காப்பிக்குப் பால் உண்டா இல்லியா?" ஆத்தா கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

போன செவ்வாய்க்கிழமை அப்பாருவை டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார வைத்து வீட்டுக்காரர் சொசைட்டிக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்துப் போட வைத்தார். உறுப்பினர் அத்தை பேருக்கு மாறுகிறது, பேங்க் கணக்குத் திறக்கப் போனபோது நானும் கூடப் போனேன், போட்டோவுக்கு வெள்ளைப் பின்னணியில் நிற்கும்போது தலையைச் சீவிக்கொண்டே இருந்தார். என் பேருக்குக் கேட்கலாமே என்று வீட்டுக்காரர் சொன்னார். 38 வருஷத்துக்கு அப்புறம் ஒரு புத்தகம் வரும்போது அதை நான் வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. எனக்கு அந்தச் சினைக் கிடாரி என்று பேச்சு. ஏழு மாசம் ஆகிறது, ஈன்றதும் தனி உறுப்பினராகச் சேரணும். கடையில் தீவனமும் என் பேரில் தனிக் கணக்கு.

வாழை ஒரு ஏக்கர் கேட்டிருக்கிறோம், தோப்புக்காரர் ஐயா சொன்ன அதே வார்த்தையில். மாமா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, "இந்தத் தார் வெட்டி முடியட்டும்" என்றார். பட்டா விஷயம் அப்படியே நிற்கிறது. மாமாவுக்கு ரெண்டு அக்கா, பெரியவர் 1982-லும் சின்னவர் 1987-லும் கல்யாணமானவர்கள். நிலம் முக்கால்வாசி பூர்வீகம் என்று ஆத்தா சொல்கிறார். மாசி விசேஷத்துக்கு ரெண்டு பேரும் வருவார்கள், அப்போது அப்பாருவே பேச்சை எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், எடுப்பாரா தெரியாது. விஏஓ ஐயா, 2005-க்கு அப்புறம் அவர்களுக்கும் சம பங்குதான் என்று நான் புரிந்துகொண்டது சரிதானே?

மேற்கே இடி இடிக்கிறது, களத்தில் மஞ்சள் கிடக்கிறது, அத்தை தார்ப்பாய்க்குக் கூப்பிடுகிறார். அப்புறம் வருகிறேன்.

ஓய்வுபெற்ற விஏஓ எழுதியது:

சரிதான். பூர்வீக நிலத்தில் ரெண்டு அக்காவுக்கும் உண்டு. பத்திரம், சிட்டா, பழைய அடங்கல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் அவர்களைக் கூப்பிடுங்கள், சாப்பாட்டுக்கு முன்னாடி பேச வேண்டாம்.